பெரியவர்களுக்கு இருமல் விடவில்லையா? நெல்லைப் பகுதியில் எங்கே தொடங்குவது, எதையெல்லாம் எடுத்துச் செல்வது

வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதென்றால், மருந்துக்கடையில் அடுத்த சிரப் பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் மாமனாரின் இருமலுக்காக அம்பாசமுத்திரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றையும், எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஒரு பெரியம்மாவுக்குத் துணையாகச் சென்றபோது பார்த்தவற்றையும் வரிசைப்படுத்தித் தருகிறேன். நோய் என்னவென்று சொல்வது மருத்துவரின் பொறுப்பு. அவர் முன்னால் உட்காரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும், எந்தப் பரிசோதனை முதலில் வர வேண்டும், எதற்குப் பணம் ஆகும் என்பவற்றை மட்டுமே இங்கே சொல்கிறேன். காலமும் பணமும் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசை தவறுவதால்தான்.

1. நாள் கணக்கைப் பாருங்கள். அவசரமா என்று பாருங்கள்

மூன்று வாரத்துக்குள் அடங்கும் இருமல் பெரும்பாலும் சளிக்காய்ச்சலின் மிச்சம். அதே மிச்சம் சிலருக்கு எட்டு வாரம் வரை இழுப்பதும் உண்டு; எட்டு வாரத்தைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட இருமல் என்கிறார்கள். ஆனால் எட்டு வாரம் காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், இரண்டு வாரம் அல்லது அதற்கு மேல் இருமல் இருந்தாலே சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி.

சளியில் இரத்தம் அதிகமாக வந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு இரைத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி வீட்டில் இருந்தால், அளவு 94-க்குக் கீழே இறங்கும் நாளிலேயே மருத்துவரிடம் செல்லுங்கள். 90-க்குக் கீழே இறங்கினால் அதுவும் 108-க்கு உரியது. முதியவர்களிடம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிமோனியா வந்தாலும் அவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவதும் சாப்பாட்டை வெறுப்பதும் மட்டுமே வெளியே தெரியும். “வயசாயிட்டு, அப்படித்தான் பேசுவாக” என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

படுத்தால் இருமல் கூடி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்து, கணுக்காலும் வீங்கியிருந்தால் அது இதயம் சார்ந்த இருமலாக இருக்கலாம். இதற்கும் அதிக நாள் பொறுக்கக் கூடாது.

2. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போடுங்கள்

மற்ற எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் ஒரு வகை மாத்திரைகள், சிலருக்குத் தொண்டையில் அரிப்போடு கூடிய வறட்டு இருமலை உண்டாக்கும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று அவற்றின் பெயர்கள் ‘ப்ரில்’ என்றே முடியும். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். மருந்தின் பெயர் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும்போது முதலில் கிழிபடுவது அந்தப் பொடி எழுத்துள்ள தாள்தான் என்பதால், பாதி தீர்ந்த அட்டையில் பெயரின் வால் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே பழைய அட்டைகளையும் மருந்துச்சீட்டுகளையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறதென்றால், கொண்டுவரும் பணியாளரிடமே மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

“இந்த மாத்திரையை எத்தனையோ மாதமாகப் போடுகிறார், இருமல் இப்போதுதானே வந்தது” என்ற வாதம் செல்லாது. தொடங்கிய சில நாளிலும் இந்த இருமல் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். எங்கள் வீட்டில் சளிப் பரிசோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் காரணமாக நின்றது இப்படிப்பட்ட ஒரு பிரஷர் மாத்திரைதான். ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. அழுத்தம் ஏறி பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் மாற்றித் தருவார். மாற்றிய மறுநாளே இருமல் நின்றுவிடாது. பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் அடங்கும். சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். இது தெரியாமல் பத்தாம் நாளே “மாத்திரையால் இல்லை போலிருக்கிறது” என்று அடுத்த மருத்துவரிடம் ஓடுபவர்கள் உண்டு.

பையில் கண் சொட்டு மருந்தையும் போடுங்கள். கண் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) கொடுக்கப்படும் டிமோலால் சொட்டு மருந்து, மூச்சுக்குழாய்ச் சுருக்கம் உள்ளவர்களுக்கு இழைப்பையும் இருமலையும் தூண்டக்கூடியது. சொட்டு மருந்தை ஒரு மருந்தாகவே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நெஞ்சு மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதும் இல்லை.

3. ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள்

புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பெரியவர் அங்கே போய் உட்கார்ந்ததும் “இப்பம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்லிவிடுவார். ஆகவே இருமல் தொடங்கிய தேதி, அது அதிகமாகும் நேரம், சளியின் நிறம், உடல் எடை குறைந்ததா, மாலைக் காய்ச்சலோ இரவு வியர்வையோ உண்டா, சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வருகிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா என்பவற்றை முந்தைய இரவே எழுதி வையுங்கள். புரை ஏறுவது, குறிப்பாகப் பக்கவாதம் வந்தவர்களுக்கு, உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதன் அடையாளமாக இருக்கலாம்.

வேலை விவரத்தையும் எழுதுங்கள். விறகடுப்புப் புகையில் முப்பது நாற்பது ஆண்டு சமைத்த பெண்களுக்கு, பீடியைத் தொடாவிட்டாலும், புகை பிடிப்பவர்களுக்கு வரும் அதே நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் வரலாம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றியவர்கள் புகையிலைத் தூளிலேயே உட்கார்ந்து காலம் கழித்தவர்கள். அரிசி ஆலை, செங்கல் சூளை, கல்குவாரி வேலைகளும் இந்தப் பட்டியலில் சேரும். “புகைப்பழக்கம் உண்டா?” என்ற கேள்விக்கு “இல்லை” என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டால் இவை எதுவும் மருத்துவரின் காதுக்குப் போகாது.

4. ஆவணங்கள்

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள், பழைய மருத்துவமனைச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே படங்கள், இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவை போதும். சாதாரணப் புறநோயாளிச் சீட்டுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் காசநோய் என்று முடிவானாலோ, உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தாலோ உடனே கேட்பார்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் நோய் முற்றும்வரை காத்திராமல் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கும். பெரியவரின் பெயர் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் மகனின் குடும்ப அட்டைக்கு மாறியிருந்தால், இங்கே இருக்கும் வீட்டு அட்டை பயன்படாது. கிளம்புவதற்கு முன்பே பெயர் எந்த அட்டையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலும், இந்தக் காப்பீடு முக்கியமாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. மருந்துக்கடை ரசீதுக்குப் பணம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

5. சளிப் பரிசோதனையை முதலில் முடியுங்கள்

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இதற்குக் காசு கிடையாது. தனியார் மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்தாலும் இந்த ஒரு பரிசோதனையை அரசு நிலையத்தில் செய்துகொள்ளத் தடையில்லை. ட்ரூநாட், சிபிநாட் போன்ற கருவிகளில் சோதனை ஓடி முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரமே ஆகும். ஆனால் மாதிரி கருவி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து முடிவு உங்கள் கைக்கு வர ஓரிரு நாள் ஆகலாம். முடிவை வாங்க என்றைக்கு வர வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை டப்பாவைக் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பரிசோதனை பயனற்றுப் போவது பெரும்பாலும் டப்பாவுக்குள் எச்சில் போவதால்தான். “தாத்தா, எச்சில் வேண்டாம், நெஞ்சுல இருந்து காறித் துப்புங்க” என்று ஆய்வகப் பெண் ஒருவர் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காலையில் எழுந்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன்னால், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். திறந்த வெளியில், மற்றவர்கள் அருகில் இல்லாத இடத்தில், இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துவிட்டுப் பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லுங்கள். ஒரு சிறு கரண்டி அளவுக்குக் கெட்டியான சளி வந்தால் போதும். டப்பாவை இறுக மூடி, வெயில் படாமல், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

சளி பரிசோதனைக்குப் போவதற்கு முன் லீவோஃபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவ்வகை மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். சில நாள் குணமானதுபோல் தெரிந்து, நோய் மறைந்து நின்று, பின்னர் முற்றிய நிலையில் வெளிப்படும். மருந்துக்கடையில் கலவையாகக் கட்டித்தரும் பொட்டல மாத்திரைகளில் ஸ்டீராய்டும் இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அது இரண்டு மடங்கு ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பே கூடுதல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. நெஞ்சு எக்ஸ்ரே

சளி கொடுக்கும் அதே நாளில் எடுத்துவிடலாம். நகரின் தனியார் மையம் ஒன்றில் எங்களுக்கு அறிக்கைத் தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் படத்தைத் தரவில்லை. அடுத்த மருத்துவர் படம் இல்லாமல் பேசவே மறுத்துவிட்டார். படத்தையோ அதன் கணினிப் பதிவையோ கேட்டு வாங்குங்கள். கைப்பேசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த புகைப்படத்தை வைத்து நுண்ணிய நிழலைக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு முந்தைய படம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய தழும்பா புதிய நிழலா என்பதை இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம். தேவையற்ற ஸ்கேன் ஒன்று மிச்சமாகும்.

7. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாள்

சளியும் படமும் காரணத்தைக் காட்டவில்லையென்றால், அல்லது படத்தில் சந்தேகம் இருந்தால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குச் செல்லுங்கள். புறநோயாளிகளைப் பார்ப்பது காலை வேளையில். பதினொரு மணிக்குப் போய் இறங்கினால் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, பரிசோதனைக்கு எழுதி வாங்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். வள்ளியூர், இராதாபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடிப்பதே நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பரிந்துரைச் சீட்டு வாங்கிச் சென்றால், அங்கே முடிந்த பரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

உடன் இரண்டு பேர் சென்றால் வேலை எளிது. ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பெரியவரோடு உட்கார்ந்திருக்கலாம். சர்க்கரை மாத்திரை போடுபவரை வெறும் வயிற்றில் அழைத்துச் செல்லாதீர்கள். நெஞ்சுப் படத்துக்கும் சளிப் பரிசோதனைக்கும் நாள் முழுவதும் பட்டினி கிடக்கத் தேவையில்லை.

ஊதிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று செய்வார்கள். மூச்சை முழுதாக இழுத்து, குழாய்க்குள் முழு வேகத்தில், உள்ளே காற்று தீரும்வரை ஊத வேண்டும். ஆஸ்துமாவா, புகையால் வந்த அடைப்பா என்பதைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. அண்மையில் மாரடைப்போ கண்புரை அறுவையோ நடந்திருந்தால் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துபவர்கள் அன்று காலை அதை எடுக்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

8. செலவு

அரசு நிலையங்களில் மருத்துவர் ஆலோசனை, சளிப் பரிசோதனை, மருந்துகள் ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாயை ஒட்டிய குறைந்த கட்டணம் கேட்பார்கள். வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கத்துத் தனியார் மையங்களில் எக்ஸ்ரே சில நூறு ரூபாயில் முடியும், சி.டி. ஸ்கேன் சில ஆயிரம் ஆகும். முதல் நாளே சி.டி. எடுத்துவரச் சொன்னால், எக்ஸ்ரேயில் என்ன தெரிந்ததால் அது தேவைப்படுகிறது என்று தயங்காமல் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் மருத்துவர் சொல்லிவிடுவார்.

9. கைமருந்தும் சித்த மருத்துவமும்

சுக்கு மல்லிக் காப்பி, தூதுவளை ரசம், ஒரு கரண்டித் தேன் ஆகியவை தொண்டைக்கு இதம் தரும். அவற்றை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான். அதிமதுரத்தை வாரக்கணக்கில் சுவைத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பதில் வெந்து போனவர்கள் உண்டு. கை நடுங்கும் பெரியவர்களுக்கு அது வேண்டாம். தூக்கம் வரவழைக்கும் இருமல் சிரப்புகளும் அப்படியே. இரவில் எழுந்து நடக்கும்போது விழுவதற்கும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதற்கும் அவை காரணமாகும்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல விரும்பினால், சளி, எக்ஸ்ரே முடிவுகளையும் அந்த மாத்திரைப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்களுக்கும் அது வேண்டும்.

10. காசநோய் என்று வந்தால்

பயப்படுவதற்கு முன் வேலைகளைப் பாருங்கள். வழக்கமான காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், முழுவதும் இலவசம். நிக்‌ஷய் என்ற அரசுத் தளத்தில் பதிந்து ஓர் எண் தருவார்கள். அதைக் குறித்து வையுங்கள். ஊட்டச்சத்து உதவியாக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. பெரியவர்களின் கணக்கு பல ஆண்டு பயன்படுத்தாமல் முடங்கிக் கிடப்பதும் ஆதாரோடு இணையாமல் இருப்பதும் சாதாரணம். பெரியம்மாவுக்குப் பணம் வராமல் நின்றது அதனால்தான். வங்கிக்கு நடக்க முடியாதவர்களுக்கு அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கைத் தபால்காரர் மூலம் வீட்டிலேயே தொடங்கலாம்.

முதல் நாள் எடை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்ப்பார்கள். இது தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் பகுதி. உடல்நிலை மோசமாக இருப்பவர்களை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பதற்காகச் செய்வது. “நிற்பார், நிற்பார்” என்று பெருமைக்காகச் சொல்லி இதைக் கெடுக்க வேண்டாம். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே தெரிவியுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரலாம். வீட்டில் உடன் வசிப்பவர்களுக்கும் பரிசோதனை உண்டு. சந்தேகங்களுக்கு 1800 11 6666 என்ற இலவச எண்ணையோ 104-ஐயோ அழைக்கலாம்.

11. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால்

கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூல் மருந்தைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிடும் பெரியவர்கள் நிறையப் பேர். மருந்தகத்தில் கொடுக்கும்போதே ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, பிறகு பெரியவரை அங்கேயே செய்யச் சொல்லிப் பாருங்கள். அழுத்தி அடிக்கும் வகை என்றால், மூச்சையும் விரலையும் ஒன்றாக இயக்க முடியாதவர்களுக்கு இடையில் பொருத்தும் காற்றுக்குடுவையை (ஸ்பேசர்) கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். “பழகிவிடும், பிறகு விட முடியாது” என்று சொல்லி நிறுத்தச் சொல்லும் உறவினர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினால் ஆடிக் காற்றில் மறுபடி இழைப்பு வரும்.

12. எவ்வளவு காலம் பொறுப்பது

சளி முடிவு ஒரு வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை மாற்றியிருந்தால் நான்கு வாரம் கழித்துக் காட்டுங்கள். வயிற்று அமிலத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் அது இருமலில் பலன் காட்ட இரண்டு மாதம் வரை ஆகலாம். இன்ஹேலர் தொடங்கியிருந்தால் மருத்துவர் சொன்ன தேதியில், குறையாவிட்டாலும் குறைந்திருந்தாலும், போய்க் காட்டியாக வேண்டும். இவற்றுக்கிடையே எடை குறைந்தாலோ, சளியில் ஒரு கீற்று இரத்தம் தெரிந்தாலோ, குரல் கம்மி மூன்று வாரமாகத் திரும்பாவிட்டாலோ இந்தத் தவணைகள் எதுவும் பொருந்தாது. முன்பு எடுத்த படம் நன்றாக இருந்திருந்தாலும் மறுநாள் காலையே நெஞ்சக நோய்ப் பிரிவுக்குச் சென்று, சி.டி. ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள்.